தவுக்கே: ஒரு வழக்குச் சொல்லும் அதன் பொருள் எல்லையும்

முன்னுரை

இக்கட்டுரை ஒரு மாணவியின் பயிற்சித்தாளிலிருந்து பிறந்தது. தம் குடும்ப வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதி வருமாறு முதலாமாண்டு மாணவர்களைப் பணித்திருந்தோம். தோட்டப்புறப் பின்னணி கொண்ட மாணவி ஒருவர், தம் தாத்தா மாதக் கடைசியில் தவுக்கேயிடம் கடன் சொல்லி அரிசி வாங்கி வந்ததை எழுதியிருந்தார். நாம் ‘தவுக்கே’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் ‘செல்வந்தர்’ எனச் சிவப்பு மையால் எழுதித் தாளைத் திருப்பித் தந்தோம். மறுநாள் அம்மாணவி அத்தாளோடு நம் அறைக்கு வந்தார். “ஐயா, எங்கள் தாத்தாவுக்குச் செல்வந்தர் யாரையும் தெரியாது. தவுக்கேயைத்தான் தெரியும்” என்றார்.

பணிவோடு சொல்லப்பட்ட அம்மறுப்புக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. ‘தவுக்கே’ என்பது பணக்காரரைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல். அதற்கு ஈடான நல்ல தமிழ்ச்சொல்லை இட்டால் போதும் என்பதே நம் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘தவுக்கே’ ஒருவரிடமுள்ள செல்வத்தின் அளவைக் காட்டிலும், அவருக்கும் பேசுபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் உறவையே முதன்மையாகக் குறிக்கின்றது என்பது நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

சொல்லின் வேரும் பரவலும்

‘தவுக்கே’ சீன மொழியின் ஹொக்கியன் கிளைமொழியைச் சார்ந்த சொல். அதன் முதற்பகுதிக்குத் தலை என்பதும், இரண்டாம் பகுதிக்கு வீடு அல்லது குடும்பம் என்பதும் பொருள். இரண்டும் சேர்ந்து குடும்பத்தின் தலைவர், கடைக்கு உரியவர், தொழிலை நடத்துபவர் என்னும் பொருள்களைத் தருகின்றன. தென்சீனத்திலிருந்து கடல் கடந்து வந்த வணிகர்களோடும் தொழிலாளர்களோடும் இச்சொல்லும் தென்கிழக்காசியா எங்கும் பரவியது. மலாயில் இது ‘தௌகே’ என வழங்குகின்றது. மலாய் அகராதிகள் சீன வணிகர், தொழில் உரிமையாளர் என்னும் பொருள்களை இதற்குத் தருகின்றன. மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் நிலைபெற்ற பின்னர் ஆங்கில அகராதியிலும் இச்சொல் இடம்பெற்றது.

தாய்லாந்திலும் இச்சொல் உண்டு. நம் நாட்டுக் கடைகளில் விற்கப்படும் ‘தௌ கே நொய்’ என்னும் தாய்லாந்துக் கடற்பாசித் தின்பண்டத்தைப் பலரும் அறிவர். அப்பெயருக்குச் ‘சின்னத் தவுக்கே’ என்பதே பொருள். தைவானில் இச்சொல் கடை உரிமையாளரைக் குறிப்பதோடு, மனைவி தன் கணவனைச் சுட்டவும் பயன்படுகின்றது. அந்நாட்டு அரசியல் மேடைகளில் வாக்காளர்களையே ‘தவுக்கே’ எனக் குறிப்பிடும் வழக்கும் வேரூன்றியுள்ளது. நாட்டுக்கு உரிமையாளர் மக்களே என்பது அதன் கருத்து. கணவனும் வாக்காளரும் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை என்பது வெளிப்படை. ஆகவே இச்சொல்லின் மூலப்பொருள் உடைமையும் தலைமையும் ஆகும். செல்வம் என்னும் பொருள் அவற்றை ஒட்டிப் பின்னர் வளர்ந்ததாகவே கொள்ள வேண்டியுள்ளது.

தமிழில் ஏற்ற வடிவம்

இச்சொல் தமிழுக்கு மலாய்வழி வந்ததா, சீனரிடமிருந்து நேரே வந்ததா என்பதை ஒலியைக் கொண்டு துணிய இயலாது. ஹொக்கியனில் இதன் முதலெழுத்து மூச்சொலியோடு பிறக்கின்றது. மலாயில் அம்மூச்சொலி இல்லை. தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டும் எழுத்து இல்லாமையால் இரண்டும் ‘த’ என்றே அமைந்துவிடும்.

ஆயினும் சொல் தமிழின் ஒலியமைப்புக்கு இணங்கியதை வேறு இரண்டு இடங்களில் தெளிவாகக் காணலாம். முதலாவது, ஔகார ஒலி ‘அவு’ என விரிந்துள்ளது. இரண்டாவது, ககரம் இரட்டித்துள்ளது. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் ககரம் மென்மையாக ஒலிக்கும். மூலச்சொல்லின் வல்லோசையைக் காக்க வேண்டுமாயின் ககரத்தை இரட்டிப்பதே தமிழுக்குரிய வழி. எழுத்தில் தௌக்கே, தவ்கே, தவுக்கே எனப் பல வடிவங்கள் காணப்படினும், நம் பேச்சின் ஒலிக்கு மிக அணுக்கமானது ‘தவுக்கே’ என்பதேயாகும்.

வேற்றுமை ஏற்கும்போது இச்சொல் தமிழ்ச் சொற்களைப் போலவே நடக்கின்றது. ஏகாரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் யகரம், வகரம் ஆகிய இரண்டு உடம்படுமெய்களையும் நன்னூல் ஏற்கின்றது. நம் வழக்கில் யகரமே மிகுதியாக வந்து, தவுக்கேயை, தவுக்கேயிடம், தவுக்கேயோடு என அமைகின்றது. முதலாளிமார், செட்டிமார் என்பன போலத் தவுக்கேமார் என மார் விகுதியையும் இது ஏற்கும். மலாயில் மீன் வணிகரைத் ‘தௌகே ஈக்கான்’ என்றும் வெட்டுமர வணிகரைத் ‘தௌகே பாலாக்’ என்றும் வழங்குவர். அடைச்சொல் பின்னே வரும். தமிழில் ‘மீன் தவுக்கே’ என அடை முன்னே வருகின்றது. ஆக, கடன் வாங்கப்பட்டது சொல் மட்டுமே. தொடரமைப்பு தமிழுக்குரியதாகவே நிற்கின்றது.

இத்தகைய சொல்லுக்கு இலக்கண மரபில் இடமுண்டா என்னும் வினா எழலாம். தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கின்றது. திசைச்சொல் வந்து வழங்கும் இடங்களாகச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களோடு தமிழ் ஒழிந்த பிற மொழி நிலங்களையும் நன்னூல் கூறுகின்றது. நன்னூல் உரைமரபில் காட்டப்பெறும் அந்நிலங்களின் பட்டியலில் சீனமும் சாவகமும் கடாரமும் இடம்பெற்றிருப்பது நாம் கருதத்தக்கது. சீனத்தில் பிறந்து கடாரத்தில் வழங்கும் ஒரு சொல்லைத் திசைச்சொல் எனக் கொள்வதற்கு மரபு இடந்தருகின்றது எனலாம்.

செல்வரைச் சுட்டும் பிற சொற்கள்

ஒரு சொல்லின் பொருள் எல்லையை அறிய, அதன் அருகில் நிற்கும் சொற்களோடு அதனை ஒப்பிட வேண்டும். செல்வந்தர், தனவந்தர், பணக்காரர், கோடீஸ்வரர் ஆகிய சொற்கள் ஒருவரிடம் பொருள் மிகுந்திருப்பதைச் சுட்டுகின்றன. அப்பொருள் எவ்வாறு வந்தது, யாரிடம் எப்படிப் பழகுகின்றது என்பவற்றை அவை கூறுவதில்லை. மலாயில் ‘ஹர்த்தாவான்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அதன் ‘வான்’ விகுதியும் நம் ‘தனவான்’ என்பதன் விகுதியும் வடமொழியிலிருந்து வந்தவை.

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையில் தங்கியிருந்த காலத்தில், நண்பர் ஒருவரிடம் பேசும்போது ‘தவுக்கே’ என்னும் சொல் நம்மையறியாது வாயில் வந்தது. “தவுக்கேன்னா யாருங்க?” எனக் கேட்டார் அவர். விளக்கிய பின்னர், தம் ஊர் வழக்கில் அதற்கு நிகரானதைத் தேடிப் பார்த்தார். ‘பெரும்புள்ளி’ என்றார், அது செல்வாக்கைக் குறித்தது. ‘பசையுள்ள ஆள்’ என்றார். அது கையிருப்பைக் குறித்தது. ‘பண்ணையார்’ என்றார், அது நிலவுடைமையைக் குறித்தது. இறுதியில் ‘சேட்டு’ என்றார். நகை அடகுக் கடை நடத்தும் வடநாட்டு வணிகரைச் சென்னை மக்கள் அவ்வாறு அழைப்பர். தவுக்கேக்கு மிக நெருங்கி வந்தது அச்சொல்லே. வேறோர் இனத்தவர், அண்டையில் கடை வைத்திருப்பவர், தேவைப்படும்போது பணமோ பொருளோ தருபவர் என்னும் மூன்று கூறுகளும் அதில் இருந்தன.

இவ்வகையில் ‘முதலாளி’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. முதலை ஆள்பவர் என்பது அதன் பொருள். இலங்கையில் சிங்களவர் இதனை ‘முதலாலி’ என ஏற்றுக் கடைக்காரரையும் வணிகரையும் குறிக்க வழங்குகின்றனர். முதல் என்னும் சொல்லிலிருந்தே மலாயின் ‘மோடால்’ பிறந்தது என்பர்; கடை என்பது ‘கெடாய்’ ஆயிற்று. நம் நாட்டில் தமிழர் ‘முதலாளி’ என்பதைப் பெரும்பாலும் தம் இனத்துக் கடைக்காரருக்கும், தமக்கு ஊதியம் தருபவருக்கும் வழங்கினர். வட்டிக்குப் பணம் தந்தவர் செட்டியார் ஆனார். ஐரோப்பியத் தோட்ட நிருவாகி துரை ஆனார். சீனக் கடைக்காரர் தவுக்கே ஆனார். இந்நான்கு பெயர்களில் எதுவும் ‘பணமுடையவர்’ என நேராகப் பொருள்படவில்லை. ஒவ்வொன்றும் ஓர் இனத்தையும் ஓர் உறவையும் சேர்த்தே குறித்தது. காலனிய மலாயாவில் தொழில்கள் இனவாரியாகப் பிரிந்து கிடந்த நிலையை இப்பெயர்களிலேயே காண்கின்றோம்.

கடன் கணக்கின் இரு பக்கங்கள்

19ஆம் நூற்றாண்டில் லாருட், கிந்தா, கிள்ளான் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளில் ஈயச் சுரங்கங்கள் பெருகியபோது அவற்றுக்கு முதலிட்ட சீன வணிகர்கள் தவுக்கே எனப்பட்டனர். அவர்கள் சுரங்கத் தொழிலாளருக்கு அரிசி, எண்ணெய், அபின் முதலியவற்றைக் கடனாக, சந்தையினும் கூடிய விலையில் தந்தனர். ஈயம் விற்றபின் அக்கடன் கழிக்கப்பட்டது. கடற்கரையில் மீனவருக்குப் படகும் வலையும் வாங்கப் பணம் தந்த மீன் வணிகர்கள், பிடித்த மீனைத் தம்மிடமே, தாம் குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்றனர். 1971இல் மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டதற்கு, இடைத்தரகரின் பிடியிலிருந்து மீனவரை விடுவிப்பதும் ஒரு காரணமாயிற்று. கெடாவின் நெல் வயல்களில் ‘பாடி குஞ்சா’ எனப்பட்ட முறையில், விளையாத நெல்லைக் குறைந்த விலைக்கு முன்கூட்டியே விற்று உழவர்கள் கடன் பெற்றனர்.

இரப்பர்த் தோட்டத்தில் இவ்வுறவு மளிகைக் கடையில் அமைந்தது. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனில் அன்றைய கூலி இல்லை. அடைமழைக் காலத்தில் அடுப்பெரிவது தவுக்கே தரும் கடனைப் பொறுத்திருந்தது. ‘555’ என்னும் எண் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை குறிக்கப்படும். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்படும். பெரும்பாலும் முழுமையாகத் தீராமல் அடுத்த திங்களுக்குத் தொடரும். இக்குறிப்பேடு நம் நாட்டில் கடனுக்கே ஒரு பெயராக இன்றும் விளங்குகின்றது.

இவ்வுறவைச் சுரண்டல் என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. தவுக்கே பிணையோ பத்திரமோ கேட்பதில்லை. வங்கி ஏறிட்டும் பாராத ஒருவருக்கு அவருடைய சொல்லை நம்பியே பொருள் தந்தார். வீட்டில் சாவு நேர்ந்தால் இரவிலும் கடைக்கதவைத் திறந்து விட்டதாகக் கூறும் முதியோரைக் களப்பணிகளில் சந்தித்துள்ளோம். விலையைக் கூட்டி எழுதியதாகவும், எழுதப் படிக்கத் தெரியாதவரின் கணக்கில் ஒரு வரியை மிகுத்து எழுதியதாகவும் கூறுவோரையும் சந்தித்துள்ளோம். ஒரே முதியவர் இரண்டையும் ஒரே மூச்சில் கூறுவதுண்டு. நன்றியும் மனக்குறையும் கலந்து நிற்கும் இந்நிலையே அச்சொல்லின் பொருட்சாயல். ‘செல்வந்தர்’ என்னும் சொல்லில் நன்றியும் இல்லை, மனக்குறையும் இல்லை.

வினைமுற்றைக் கவனித்தால் இது மேலும் விளங்கும். நேரில் ‘தவுக்கே, கொஞ்சம் பொறுத்துக்குங்க’ எனப் பன்மை வரும். வீட்டுக்கு வந்தபின் ‘தவுக்கே கேட்டுட்டான்’ என ஒருமையாகிவிடும். பெயர்ச்சொல் மாறுவதில்லை, மதிப்பு வினையில் ஏறியும் இறங்கியும் நிற்கின்றது.

கடையிலிருந்து தோட்டத்திற்கு

1950களில் இச்சொல்லின் பொருளில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அவசரகாலத்தின் அச்சமும் நாட்டு விடுதலையை ஒட்டிய ஐயமும் காரணமாக ஐரோப்பிய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வணிகர் குழுக்கள், அவற்றுள் பெரும்பாலும் சீனர், அவற்றை வாங்கிச் சிறு துண்டுகளாக்கி விற்றன. தோட்டத் துண்டாடல் என நாம் அறியும் இந்நிகழ்வால் தொழிலாளர் பலர் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்த பேராசிரியர் உங்கு அஜீஸின் அறிக்கை இதன் விளைவுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது. தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் நோக்கில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இச்சூழலில்தான்.

தொழிலாளர் பேச்சில் இம்மாற்றம் ஒரு சொல்லால் குறிக்கப்பட்டது: துரை போய்த் தவுக்கே வந்தார். அதுவரை கடையில் கடன் கொடுத்தவருக்குரிய பெயர், இப்போது வேலை கொடுப்பவருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்பவருக்கும் ஆயிற்று. நிறுவனமயமான பெருந்தோட்டங்களுக்கு இப்பெயர் பொருந்தவில்லை. 1981இல் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் லண்டன் பங்குச் சந்தையில் வாங்கப்பட்டு மலேசியர் வசமானபோதும், அத்தகைய தோட்டங்களில் ‘கம்பெனி’ என்னும் சொல்லே நீடித்தது. தவுக்கே என்றால் நேரில் சென்று முறையிடக்கூடிய ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இன்றைய வழக்கு

இன்று இச்சொல்லின் இன எல்லை தளர்ந்து வருகின்றது. மலாய்ச் செய்தித்தாள்கள் மலாய்த் தொழில்முனைவோரையும் ‘தௌகே’ என்கின்றன. நண்பர்கள் கூடி உண்ணும்போது பணம் செலுத்துபவரை ‘இன்னைக்கு நீதான் தவுக்கே’ என இளையோர் கேலி செய்வதும் உண்டு. அப்போதுகூட ‘செலவை ஏற்பவர்’ என்னும் உறவுப்பொருளே முன்னிற்கின்றது. சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் தருவோருக்கு இப்பெயர் பொருந்துவதில்லை. அவர்களை ‘ஆலோங்’ என்றும், நாளிதழ்களில் ‘வட்டி முதலை’ என்றும் குறிக்கின்றோம்.

இனம் சார்ந்த சொல்லாகையால் இதனைக் கையாள்வதில் எச்சரிக்கையும் வேண்டும். இதனை நாம் நன்கு உணர்வதற்கு நம் சொல் ஒன்றே துணைநிற்கும். மலாயில் ‘செட்டி’ என்பது வட்டிக்கடைக்காரரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகி, ‘செட்டி ஹராம்’ எனச் சட்டவிரோத வட்டிக்காரரையும் குறிக்கின்றது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட்டதன் பின்னணியில், குடியானவர் நிலங்கள் செட்டியார்களிடம் அடகாகிக் கைமாறும் என்னும் அச்சமும் இருந்தது. கோயில்களையும் அறநிலையங்களையும் எழுப்பிய ஒரு சமூகத்தின் பெயர் இவ்வாறு ஒரு தொழிலுக்குள் சுருங்கியதைக் கேட்கையில் நமக்கு உறுத்தல் ஏற்படுகின்றது. சீனர் அனைவரும் தவுக்கே, தவுக்கே அனைவரும் பேராசைக்காரர் என எழுதும்போதும் அதே தவறு நிகழ்கின்றது.

வகுப்பறையில் இச்சொல்

ஆசிரியர்கள் மூன்று நிலைகளைப் பிரித்தறிவது பயன்தரும். முதலாவது, தன்வரலாறு, சிறுகதை, உரையாடல் ஆகியவற்றில் இச்சொல் தன் உறவுப்பொருளோடு வந்தால் அதனை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது, கருத்து விளக்கக் கட்டுரையிலும் தேர்விலும் வரும்போது, மாணவர் எதைக் கருதுகின்றார் என்பதைக் கேட்டறிந்து, மளிகைக் கடைக்காரர், கடன் கொடுத்தவர், தோட்ட உரிமையாளர், வணிகர் என்பவற்றுள் உரியதைத் தெரிவு செய்யச் செய்யலாம். ‘செல்வந்தர்’ என்பது இவற்றுள் எதற்கும் ஈடன்று. மூன்றாவது, ஓர் இனத்தையே பழிக்கும் முறையில் வந்தால், சொல்லை அடிப்பதோடு நில்லாமல் கருத்தைப் பற்றி மாணவரோடு பேச வேண்டும்.

பிறமொழிச் சொற்களுக்கு இடந்தருவதால் மாணவர் மொழித்தூய்மை கெடும் என்னும் கவலை நியாயமானதே. ‘பஸ்’ இருக்கையில் ‘பேருந்து’ கற்பிப்பதை நாம் கைவிடவில்லை. அங்கு இரண்டு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பதால் மாற்றீடு இயல்கின்றது. தவுக்கே அத்தகையதன்று. மேலும், ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இலங்கைத் தமிழ் வழக்குகளை உரிய குறியீட்டோடு ஏற்றுக்கொண்டது. அதனால் தமிழின் தரம் குறையவில்லை. இலங்கை எழுத்துகளைப் படிப்பது பிற நாட்டுத் தமிழருக்கு எளிதாயிற்று. நம் நாட்டுத் தமிழ் வழக்குகளையும் அவ்வாறு பொருளும் பயன்பாடும் தந்து தொகுப்பது பல்கலைக்கழகத் துறைகளும் ஆசிரியர்களும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறை மறைந்து வரும் இக்காலத்தில் அப்பணியைத் தள்ளிப்போடுவது நன்றன்று.

முடிவுரை

‘தவுக்கே’ என்னும் சொல் உடைமையாளரைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லாகத் தோன்றி, மலாயாவில் கடனும் நம்பிக்கையும் கலந்த ஓர் உறவின் பெயராகி, துண்டாடல் காலத்தில் தோட்ட உரிமையாளரையும் தழுவி, இன்று கேலிப்பேச்சு வரை வந்துள்ளது. இத்தனை நிலைகளிலும் அது யாருக்கு யார் என்னும் உறவை விடாமல் குறித்து வருகின்றது. பணக்காரர் என்னும் பொருள் அவ்வுறவின் விளைவேயன்றி அதன் மையமன்று.

அம்மாணவியின் தாளைத் திரும்பப் பெற்று, நாம் எழுதிய ‘செல்வந்தர்’ என்பதை அடித்தோம். தாத்தாவின் கடன் கணக்கு என்னவாயிற்று என ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினோம். அடுத்த வாரம் அவர் ஒரு பக்கத்தை நான்கு பக்கங்களாக்கிக் கொண்டு வந்தார். தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளன்று தாத்தா கடைசிப் பாக்கியைச் செலுத்தச் சென்றதும், தவுக்கே அக்குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பொட்டலம் சீனி கொடுத்து அனுப்பியதும் அதில் இருந்தன. அதே கடையில் பல ஆண்டுகளாகத் தாத்தா கூடுதல் விலை கொடுத்து வந்ததையும் அவர் மறவாமல் எழுதியிருந்தார்.